குட்டியைத் தூங்க விடுங்கள்



பத்து நாளாக மனசுக்குள் வைத்திருந்ததை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீச்சர் என்றைக்குச் சுருக்கமாகப் பேசினார் என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். சிலருக்குக் கோபமும் வரும். வரட்டும். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்கே தெரியும்.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்ததை நீங்கள் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. நாட்டு நாய், பெட்டைக் குட்டி. பக்கத்து ஊரில் என்னிடம் படித்த பையன் ஒருவனின் கரும்புக் கொல்லையில் பிறந்தது. ஆறு குட்டியில் ஆண் குட்டிகளை எல்லாம் ஆளாளுக்குக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். இது மட்டும் மிஞ்சியது. "எட்டு வாரம் முடியட்டும், அதுவரைக்கும் தாய்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்திருந்து வாங்கி வந்தேன். குட்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே போனில் பேரன் வைத்த பெயர் மைனா. ஆனால் இந்த மைனா வாயே திறப்பதில்லை. சாப்பிடும், கொல்லைப்புறம் போய்வரும், என் புடவைத் தலைப்பைப் பிடித்து நான்கு இழுப்பு இழுக்கும், பிறகு பீரோவுக்குப் பக்கத்தில் மடித்துப் போட்ட சாக்கில் சுருண்டு படுத்துத் தூங்கிவிடும்.

அந்தப் போட்டோவுக்கு வந்த கமெண்டுகளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். "டீச்சர், உங்க நாயும் கிளாஸ்ல தூங்குதா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். அது பரவாயில்லை, சிரித்தேன். "மந்தமா இருக்கும்மா, மாத்திடுங்க." "பெட்டைய ஏன் எடுத்தீங்க?" "நகம் எண்ணிப் பாத்தீங்களா? பதினெட்டா, இருபதா?" "காதைப் புடிச்சுத் தூக்கிப் பாருங்க, கத்தலேன்னாதான் ரோசமான குட்டி." இவை படித்தவர்கள் எழுதியவை. இரண்டு பேர் எம்.எஸ்.ஸி.

பொங்கலுக்கு வந்த உறவுக்கூட்டம் இதை நேரிலேயே செய்து காட்டியது. வாசலில் செருப்பைக் கழற்றியதும் "எங்க குட்டி?" என்பார்கள். தூங்குகிறது என்றால், "அதெல்லாம் எழுந்துக்கும்" என்று போய்த் தூக்குவார்கள். ஒருவர் இறக்கிவிட்டால் அடுத்தவர் தூக்குவார். பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தன. பெரியவர்கள் மூக்கில் ஊதினார்கள். குட்டி இரண்டு எட்டு வைத்து மறுபடியும் படுத்தால், "என்னா இது, சோம்பேறியா இருக்குது!" நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று பழமொழி சொல்லிச் சொல்லி நாய் என்றால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்.

பிள்ளைகளே, எட்டு வாரக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் தூங்கும். இருபது மணி நேரம்கூடத் தூங்கும். அது நோயும் இல்லை, மந்தமும் இல்லை. நாய்க்குட்டி கண்ணை மூடிக்கொண்டு பிறக்கிறது. கண் திறக்கவே ஏறத்தாழ இரண்டு வாரம். காது கேட்கத் தொடங்க மூன்றாவது வாரம். ஓசை என்றால் என்ன என்று தெரிந்து ஐந்தே வாரம் ஆன ஒரு உயிர் அது. தாயை விட்டு, கூடப் பிறந்ததை விட்டு, மண் தரையை விட்டு, டைல்ஸ் போட்ட வீட்டுக்கு வந்திருக்கிறது. அதற்கு எல்லாமே புதுசு. மிக்ஸி சத்தம் புதுசு, குக்கர் விசில் புதுசு, நம் வீட்டு வாசனை புதுசு. பார்த்ததை எல்லாம் உள்ளே இறக்கி வைக்க அதற்குத் தூக்கம் வேண்டும். எல்.கே.ஜி. போன முதல் வாரம் உங்கள் பிள்ளை சாயங்காலம் ஆறு மணிக்கே சோற்றுத் தட்டில் சாய்ந்தது மறந்துபோச்சா?

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குத் தார்ன்டைக்கின் மூன்று விதிகளை நெட்டுருப் போட வைத்தார்கள். ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி. கற்கத் தயாராக இல்லாத உயிரைப் பிடித்து இழுத்தால் அதற்கு எரிச்சல்தான் மிஞ்சும் என்பது முதல் விதி. பூனைகளைக் கூண்டில் வைத்து அவர் சோதனை செய்தது 1898-இல். அடுத்த பாடம் பாவ்லோவின் நாய். மணி அடித்தால் எச்சில் ஊறும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். அதே பாவ்லோவின் சோதனைக் கூடத்தில், வாரில் கட்டி நிறுத்தியிருந்த நாய்கள் ஒரே மாதிரியான சோதனை சலித்துப்போய் நின்ற இடத்திலேயே தூங்கிவிழுந்தன என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பின்னால்தான் படித்தேன். அவர் அந்த நாய்களைச் சோம்பேறி என்று திட்டவில்லை. ஏன் தூங்குகின்றன என்று உட்கார்ந்து ஆராய்ந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தை ஐந்தாம் தேதி நம் ஊரில் ஆற்றுத் திருவிழா. அண்ணாமலையார் தீர்த்தவாரிக்குத் தென்பெண்ணைக்கு எழுந்தருளுவார், சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் மணலில் இருக்கும். உங்களுக்குத் தெரியாததா? நான் சமையலறையில் பதினைந்து பேருக்குச் சாப்பாடு பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்கைப் பார்த்தால் குட்டி இல்லை. கொல்லையில் இல்லை, கட்டிலுக்கடியில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எங்கள் சொந்தத்துப் பையன் ஒருவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். ஆற்றுக்குத் தூக்கிப் போயிருக்கிறான். எதற்கு? ரீல்ஸ் எடுக்க! மேளம், வெடி, கூட்டம், மணலில் இறக்கி ஓடவிட்டிருக்கிறார்கள், தெருநாய்கள் வந்து முகர்ந்து பார்த்திருக்கின்றன. "ஜாலியா இருந்துச்சு பெரியம்மா" என்றான். அவனுக்கு ஜாலி. குட்டி வயிறு நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டதுதான், மறுநாள் மதியம்வரை வெளியே வரவில்லை. தட்டை உள்ளே தள்ளினால் இரண்டு வாய் தின்றது.

நான் அவனைத் திட்டியது தெரு முழுக்கக் கேட்டது. "ஒரு நாய்க்காக சொந்தக்காரப் பிள்ளைய இப்படிப் பேசுறீங்களே" என்று அவன் அம்மா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார். இன்றுவரை போன் இல்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அவ்வளவு கத்தினேன் என்று சொல்கிறேன். இதை நான் பலரிடம் சொன்னதில்லை.

2008-இல் எங்கள் வீட்டுக்கு ஒரு குட்டி வந்தது. வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கும். மகள் எட்டாம் வகுப்பு. அவள் கேட்டாள் என்று, வண்டியில் கூடை வைத்து விற்றவரிடம் வாங்கினோம். "முப்பது நாள் குட்டிம்மா" என்றார். முப்பது நாளில் தாயிடமிருந்து பிரிக்கலாமா என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. வந்த அன்றே மண் போகட்டும் என்று குளிப்பாட்டினேன். பசும்பால் ஊற்றினேன். தடுப்பூசி பெரிதான பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றோம். இரண்டு நாள் அது படுத்தே கிடந்தது. வந்தவர்களிடம் எல்லாம் "எவ்வளவு சாது பாருங்க, ஒரு தொல்லை இல்ல" என்று பெருமையாகச் சொன்னேன். நான்தான் சொன்னேன். மூன்றாம் நாள் வாந்தி. அன்று ராத்திரி ரத்தமாகப் போனது. காலையில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. "டீச்சர், இது சாது இல்ல. சோர்வு. ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கணும்" என்றார். பார்வோ வைரஸ். ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள் போய்விட்டது. மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தென்னை மரத்தடியில்தான் புதைத்திருக்கிறோம்.

சாதுவுக்கும் சோர்வுக்கும் வித்தியாசம் தெரியாதவள் நான். வகுப்பறையிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், எப்போதும் பலகையில் தலை சாய்த்துத் தூங்கும். தலையில் குட்டியிருக்கிறேன், எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன், மந்தம் என்று ரெஜிஸ்டரில் எழுதாத குறை. ஒருநாள் ஊருக்கு வந்த சுகாதார செவிலியர் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துக் காட்டினார். காகிதம் மாதிரி வெள்ளை. வயிறு முழுக்கக் கொக்கிப்புழு, உடம்பில் ரத்தம் இல்லை. மாத்திரை கொடுத்து நான்கு மாதத்தில் அந்தப் பெண் ரெட்டை ஜடையோடு பாண்டி ஆடியதைப் பார்த்தேன். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளை இருக்கலாம். இதைப் படித்தால் அவளுக்குத் தெரியும், டீச்சர் யாரைச் சொல்கிறாள் என்று.

ஆகவே இரண்டு பக்கத்தாரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. தூங்கும் குட்டியை எழுப்பி மந்தம் என்பவர்களோடும் சண்டை. துவண்டு கிடக்கும் குட்டியைத் தொந்தரவில்லாத பிள்ளை என்று மெச்சுகிறவர்களோடும் சண்டை. இரண்டு பேரும் குட்டியைப் பார்ப்பதே இல்லை.

பார்க்கக் கற்றுக்கொள்வது அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை. நன்றாக இருக்கும் குட்டி எவ்வளவு தூங்கினாலும் தட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து வரும், விழித்திருக்கும் கொஞ்ச நேரம் விளையாடும், ஈறு ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்கும், மலம் கெட்டியாகப் போகும். சாப்பாட்டுக்கும் எழாத குட்டி, கூப்பிட்டால் தலை தூக்காத குட்டி, வாந்தி, பேதி, வெளுத்த ஈறு, இதில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். அந்த வயதில் ஒரு நாள் பட்டினி என்பதே பெரிய விஷயம். தொட்டால் சுடுகிறதே என்று மட்டும் பயப்பட வேண்டாம். நாயின் உடம்புச் சூடே 101, 102 டிகிரி. நம்மைவிட அதிகம்.

பார்வோ என்பது 1978-இல்தான் உலகத்துக்குத் தெரியவந்த நோய். இந்த வைரஸ் மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். நோய் வந்த நாய் போன இடத்தை நம் குட்டி முகர்ந்தால் போதும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு மாதம் வரை. மைனாவுக்கு அன்றைக்கு ஒரே ஊசிதான் போட்டிருந்தது. அந்த நிலையில் ஊர் நாயெல்லாம் சுற்றும் ஆற்று மணலில் அதை இறக்கிவிட்டு ரீல்ஸ் எடுத்திருக்கிறான். பார்வோ ஒட்டிக்கொண்டால் வெளியே தெரியச் சில நாள் ஆகும். நான் ஒவ்வொரு நாளும் காலையில் விழித்ததும் முதல் வேலையாக அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர், "சாமி கும்பிடுறியா, நாய் ஈறு கும்பிடுறியா" என்று கிண்டல் பண்ணினார். பத்து நாள் ஆகிவிட்டது. ஒன்றும் இல்லை. அதனால்தான் இன்று இவ்வளவு பொறுமையாக எழுதுகிறேன். இல்லையென்றால் இந்தப் போஸ்ட் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பேரன் பள்ளியில் படிப்பவர்கள் சிலர் எதிர்வாதம் வைப்பார்கள். குட்டி நாலு இடம் பார்க்க வேண்டாமா, நாலு பேரோடு பழக வேண்டாமா என்பார்கள். வேண்டும், நிச்சயம் வேண்டும். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் பல வருடம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் புத்தகமே எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அது அதற்குச் சகஜம். அப்போது பயந்தது ஆயுசுக்கும் பயம். அதனால்தான் சொல்கிறேன், இந்த நாட்களில் ஆற்றுத் திருவிழா மேளத்தை அதன் காதில் அடிக்காதீர்கள். நான் தினமும் சாயங்காலம் மடியில் வைத்துக்கொண்டு வாசல் திண்ணையில் உட்காருகிறேன். பால்காரர் வண்டி போகும், திருக்கோவிலூர் பஸ் போகும், டியூஷன் பிள்ளைகள் போவார்கள். மைனா பார்க்கும். கால் மணி நேரத்தில் கண் சொருகும். அதற்குப் போதும் என்று அர்த்தம். உள்ளே கொண்டுபோய் விட்டுவிடுவேன்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொங்கலன்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் பிரியமாகச் சர்க்கரைப் பொங்கலை உருட்டி ஊட்டப் போனார். கையைத் தட்டிவிட்டேன், அவருக்கும் கோபம். அதில் இருக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட் கூடவே கூடாது. வேகவைத்த கோழி எலும்பு குடலில் குத்தும். பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்காது, பேதியாகும். தாய் நாயின் பாலில் பசும்பாலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சத்து உண்டு, இதை ஊற்றி அதை ஈடுகட்ட முடியாது. நான் குழைந்த சோற்றோடு வேகவைத்த கோழிக்கறியைப் பிய்த்துப் போட்டு, உப்பு இல்லாமல், நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறேன். கூடவே மருத்துவர் சொன்ன சத்து மருந்து. பூச்சி மருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம் ஆகும் வரை. தாய் வயிற்றிலேயே குட்டிக்குப் புழு வந்துவிடுகிறது, வெளியே தெரியாது.

ராத்திரி அழுகிறதே, வராந்தாவில் கட்டிவிடலாமா என்று ஒரு மாணவி மெசஞ்சரில் கேட்டாள். அம்மா, ஐந்து உடன்பிறப்போடு ஒட்டிக்கொண்டு தூங்கியது அது. முதல் ராத்திரியே சங்கிலி போட்டு வாசலில் கட்டினால் அழாமல் என்ன செய்யும்? கொல்லையிலிருந்து வரும்போதே தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டு கிழித்துக் கேட்டு வாங்கி வந்தேன். என் கட்டில் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் அந்தச் சாக்கு, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில். முதல் இரண்டு ராத்திரி முனகியது, கையைக் கீழே தொங்கவிட்டுப் படுத்தேன். மூன்றாம் ராத்திரி எனக்கு முன்னால் அது தூங்கிவிட்டது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் கொல்லைக்குத் தூக்கிப் போனால் வீட்டுக்குள் ஈரம் பண்ணாது. பண்ணிவிட்டால் மூக்கைப் பிடித்துத் தேய்க்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு அப்படியா செய்தீர்கள்?

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "குட்டி நாய் கடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று பொங்கலன்று ஒருவர் சொன்னார். தூங்கும்போது பிள்ளைகள் வாலை இழுத்ததில் மைனா பல்லால் ஒருவன் விரலைக் கீறியிருந்தது. வெறிநோய்க்குக் குட்டி, பெரிசு என்ற கணக்கு கிடையாது. குட்டிக்கு அந்த ஊசி போடுவதே மூன்று மாதத்தில்தான், அதற்கு முன்னால் அதற்குப் பாதுகாப்பு இல்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வைத்து, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். பாஸ்டர் ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டது 1885-இல். நம் குன்னூரில் அதற்கான நிலையம் வந்தே நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு தடவுகிறவர்களை நான் பார்க்கிறேன்.

பெட்டை என்று சொல்லிக் கழித்தீர்களே, அதற்கும் பதில். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருகிற ஊர் நம் ஊர். அப்புறம் தெருநாய் பெருகிவிட்டது என்று மனுக் கொடுப்பதும் நாம்தான். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்துவிட்டால் முடிந்தது. மைனாவுக்கும் செய்வோம். நகத்தை நான் எண்ணவில்லை. எண்ணவும் போவதில்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. கூடைக்காரரிடம் அதைக் கேளுங்கள், நகத்தை எண்ணும் நேரத்தில்.

மாசி மாதம் காதுகுத்துக்கு எல்லோரும் வருவீர்கள். வாருங்கள், சந்தோஷம். கோபித்துக்கொண்டு போனவரும் வர வேண்டும், அந்தப் பையனையும் அழைத்து வர வேண்டும். அவன் கெட்ட பிள்ளை இல்லை. வந்ததும் குட்டியைத் தேடாதீர்கள். கூடத்தில் கீழே உட்காருங்கள், காபி குடியுங்கள், பேசிக்கொண்டிருங்கள். அதற்குத் தோன்றினால் எழுந்து வந்து உங்கள் கால் விரலை முகர்ந்து பார்க்கும். வராவிட்டால் அடுத்த தடவை.

மணி மூன்றரை. மைனா பீரோ பக்கத்தில் மல்லாந்து கிடக்கிறது, முன்னங்கால் ஒன்று துடிக்கிறது, என்ன கனவோ. போட்டோ கேட்காதீர்கள். கிட்டப் போனால் விழித்துக்கொள்ளும்.